அழுக்குப் பக்கம்

பூந்தமல்லியில் துலுக்கானத்தைத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பெண் வீட்டார் எக்கி நின்றால், பக்கத்தில் கியாஸ் லைட்டுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும் துலுக்கானத்தின் முகமும் சேர்ந்தே தெரியும். சொந்தமாக எட்டு லைட்டுகள். எரிய மாட்டேன் என்று அடம் பிடிக்கிற லைட்டையும் எரிய வைத்துவிடுகிற கைராசிக்காரன் என்று பேர். அப்புறம் யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய் ரேஷனுக்குப் போயிற்று, ஊராரும் கல்யாணத்தைப் பகலிலேயே முடித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். எட்டு லைட்டுகளும் பரண் ஏறின.

வேறொருவன் என்றால் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பான். துலுக்கானத்துக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, அவன் புதிதாக ஒன்றின் மேல் ஆசைப்பட்டுவிட்டான். கரண்டு வந்த வீடுகளில் ரேடியோ வந்திருந்தது. பூந்தமல்லி முழுக்க ஏழே ஏழு பெட்டிகள், அதில் எப்போதும் இரண்டு பெட்டியாவது வாயடைத்துக் கிடக்கும். ரிப்பேருக்கு மவுண்ட் ரோடுதான் போக வேண்டும், பெட்ரோலுக்குப் பதில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற யுத்தகாலத்து பஸ்ஸில், பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு. இங்கேயே ஒரு ரிப்பேர் கடை வைத்தால் என்ன என்று நினைத்தான். அதுவரை ஒரு ரேடியோவைக்கூடத் திறந்து பார்த்ததில்லை என்பது அவனுக்கு ஒரு குறையாகவே படவில்லை.

மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. செங்கல் கனம். மேலட்டையும் பேர் போட்ட பக்கமும் போய்விட்டிருந்தன. உள்ளே பார்த்த படங்களை வைத்து ரேடியோ ரிப்பேர் புத்தகம் என்று கண்டுகொண்டான். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பாரம் வரை எட்டிப் பார்த்தவன், இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பான். துணைக்கு ஒரு குட்டி அகராதியும் வாங்கிக்கொண்டான்.

தினமும் குளித்து, விபூதி பூசி, புத்தகத்தை மணைமேல் வைத்து, முதல் பக்கத்தின் முதல் எழுத்திலிருந்து தொடங்கினான். இரண்டு மாதத்தில் நாற்பத்தோராம் பக்கம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் அணு, அணுவுக்குள்ளே இன்னும் பொடியாக ஒன்று, அது சுற்றோ சுற்றென்று சுற்றுகிறது.

"இன்னாயா, ரேடியோ எப்போ வரும்?" என்று கேட்டாள் அவன் மனைவி எல்லம்மா.

"இன்னும் கரண்டே வந்து சேரல எல்லம்மா. அதுக்குள்ள அவசரப்பட்றியே!"

அரிசிப் பானையின் அடியைத் தினமும் பார்க்கிறவள் அவள்தான். ஆவடி மிலிடெரி டிப்போவில் இருந்த தன் தம்பி வரதனிடம் சொல்லி வைத்தாள். வரதன் ஒரு வியாழக்கிழமை சைக்கிளில் வந்து இறங்கினான்.

"மாமா, மூட்டை தூக்கற வேலை ஒண்ணு காலியா கீது. பேர் குட்த்துட்டேன். திங்கக்கெழம காலையில டிப்போ கேட்டாண்ட வந்து நில்லு. லேட்டானா வேற ஆளப் போட்டுடுவாங்க."

மூட்டை தூக்கினால் முதுகு நோகும், அதைத் துலுக்கானம் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் போனால் போனதுதான், அப்புறம் ரேடியோ இந்த ஜன்மத்தில் இல்லை.

அவன் கைவசம் ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. தோல் வியாபாரி அன்வர் பாஷாவின் வீட்டு ரேடியோ ஒரு மாதமாக அவன் பொறுப்பில் இருந்தது. செய்தி வாசிக்கிறவரின் முதுகுக்குப் பின்னால் யாரோ அரிசி மிஷினை ஓட்டுவது போல ஒரே உறுமல். பாஷாவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணிட்டா, என் கடைக்குப் பக்கத்து ரூமு சும்மாதான் கீது, நீயே எடுத்துக்க, போர்டு மாட்டிக்க. இல்லேன்னா பொட்டி மவுண்ட் ரோடுக்குப் போவுது. அவ்ளோதான்."

அந்த ஒரு மாதமும் துலுக்கானம் சும்மா இருக்கவில்லை. பெட்டியின் முதுகில் ஒரு திருகாணி, அதன் கீழே 'எர்த்' என்று எழுதியிருந்தது. அகராதியைப் புரட்டினான். 'மண்' என்றது அகராதி. அட, இவ்வளவுதானா! ரேடியோ இருந்த மாடியிலேயே பாஷாவின் மனைவி வஹீதுன்னிசா ஒரு தொட்டியில் மருதாணி வளர்த்தாள். திருகாணியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து மருதாணித் தொட்டியில் சொருகினான். உறுமல் போகவில்லை. மண் சரியில்லை போலிருக்கிறது என்று செம்மண் கொண்டுவந்து போட்டான். அப்புறம் களிமண். அப்புறம் செம்பரம்பாக்கம் ஏரிக்கே போய்க் கோணிப்பையில் வண்டல் வாரிக்கொண்டு வந்தான். உறுமல் இருந்த இடத்திலேயே இருந்தது. மருதாணி மட்டும் ஆளுயரத்துக்கு வளர்ந்தது.

"நீ ரேடியோவ ரிப்பேர் பண்றியா, என் செடிக்கு எரு போட்றியா?" என்று சிரித்தாள் வஹீதுன்னிசா.

சனிக்கிழமை காலையில் துலுக்கானம் மறுபடி மணைக்கு முன்னால் உட்கார்ந்தான். நாற்பத்திரண்டாம் பக்கம். பொடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லம்மா முறத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன்யா, ஐயரு பஞ்சாங்கத்த மொதல்லேர்ந்தா படிக்கறாரு? நல்ல நேரம் போட்ட பக்கத்த டக்குனு பிரிக்கறாரு. அந்தப் பக்கம் மட்டும் வெரலு பட்டுப் பட்டுக் கன்னங்கரேல்னு கீது. இத்த உனுக்கு முன்னாடி எவனோ வச்சிகினு பொழச்சிகீறான். அவன் எங்க அழுக்குப் பண்ணிகீறான்னு பாரு."

எழுத்துக்கூட்டத் தெரியாத பெண்பிள்ளை சொன்னதைக் கேட்டு அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. புத்தகத்தைப் பட்டென்று மூடினான். மூடியதால்தான் தெரிந்தது. பக்கங்களின் ஓரமெல்லாம் வெள்ளையாக இருக்க, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே கறுப்பு.

அங்கே பிரித்தான். எண்ணெய்க் கறை, கட்டைவிரல் ரேகை, ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் பட்டுக் கருகிய ஓட்டை ஒன்று. பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு, இந்தப் பக்கம் பெட்டிக்கு என்ன நோய், நடுவில் என்ன காரணம், அந்தப் பக்கம் என்ன வைத்தியம் என்று எழுதியிருந்தது. அணுவைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. விரலை வைத்துத் தேடினான், உறுமல் கிடைத்தது. பெட்டி எந்நேரமும் உறுமினால் கண்டன்சரை மாற்று. ஸ்டேஷன் பிடித்தால் மட்டும் உறுமினால் எர்த்தைப் பார், பக்கம் முன்னூற்றுப் பன்னிரண்டு.

துலுக்கானத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாஷா வீட்டுப் பெட்டி ஸ்டேஷன் தேடி முள்ளைத் திருகும்போது கம்மென்று இருக்கும், ஸ்டேஷன் வந்தால்தான் உறுமும்! ஒரு மாதமாக அவன் காதால் கேட்ட அதையே யாரோ ஒரு தெரியாத புண்ணியவான் கட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறான்.

முன்னூற்றுப் பன்னிரண்டும் அழுக்குத்தான். அதில் ஒரு படம். இடுப்பளவுக் குழியில் ஒருவன் மண்வெட்டியோடு நிற்கிறான். குழியின் அடியில் ஒரு தகடு, தகட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு கம்பி. வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றவும் என்று கீழே ஒரு வரி. பூந்தொட்டியைக் காணோம்.

"ஐயோ, எல்லம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். "தொட்டி மண்ணு இல்லடி! தரை! பூமி!"

"அது எனுக்கே தெரியுமே" என்று அரிசியைப் புடைத்தாள் அவள். தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் அவன் ஒத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாஷா வீட்டுக் கொல்லையில், கிணற்றோரமாக இறங்கித் தோண்டினான். செம்புத் தகடு என்று புத்தகம் சொன்னது, செம்புக்கு எங்கே போவது? ஒரு கியாஸ் லைட்டின் பித்தளை எண்ணெய்த் தொட்டியை வெட்டித் தட்டித் தகடாக்கிக்கொண்டு வந்திருந்தான். வெட்டும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

"இன்னாப்பா, பொதையலா?" என்று எட்டிப் பார்த்தார் பாஷா.

"ரேடியோவுக்குக் காலு ஊணறேன் பாய்."

தகட்டைப் புதைத்தான். வஹீதுன்னிசா தானே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாள். கம்பி சுவரோடு மாடிக்கு ஏறியது. விசையைத் தட்டிவிட்டு, வால்வுகள் சூடாகும் வரை துலுக்கானம் காத்திருந்தான். திங்கட்கிழமை காலையும் ஆவடி டிப்போ வாசலும் அவன் கண்முன்னால் நின்றன. முள்ளைத் திருகினான். குரல் வந்தது. வெறும் குரல். பின்னால் ஒன்றுமே இல்லை.

"மாஷா அல்லா!" என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டினார் பாஷா. "அவ்ளோ பெரிய பொஸ்தகத்தப் படிச்சி முடிச்சிட்டியா?"

"படிக்கல பாய். எங்க பாக்கணுமோ அங்க பாத்தேன்."

பாஷா சாவியைக் கையில் கொடுத்தார். துலுக்கானம் மேலெல்லாம் மண்ணோடு வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றிருந்தாள் எல்லம்மா.

"பேசிச்சா?"

"பேசிச்சி. அரை மணி நேரம்."

"இன்னா சொன்னான்? யுத்தம் முடியுதாமா?"

துலுக்கானம் யோசித்துப் பார்த்தான். ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

"தெரியலியே எல்லம்மா. அந்த உறுமலு இல்ல பாரு, அத்தத்தான் கேட்டுகினு இருந்தேன்."

எல்லம்மா கண் கலங்கியதை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அவன் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட ஆரம்பித்தாள்.

"வரதனாண்ட நானே சொல்லிக்கிறேன். நீ காலையில போயி ரூமத் தொற."