அக்கா எழுத மறந்த பாட்டு

இசையைப் பற்றி நான் எழுதுவது சரிதானா என்று இரண்டு கிழமையாக யோசித்தேன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவன். மேல்நாட்டு இசையின் பெயர்கள் எனக்கு வாயில் நுழையாது. அதைவிட, சத்தம் என்றாலே ஒதுங்கிப் போகிற ஆள். விஷயம் தெரிந்தவர்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுத வந்தது என் அக்காவைப் பற்றித்தான்.

அக்காவின் வயலின் நினைவுக்கு வரும்போதெல்லாம் அதில் ஒரு மரக் கிளிப்பும் சேர்ந்தே வரும். உடுப்புக் காயப்போடும் சாதாரணக் கிளிப். தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டில் அதை மாட்டிவிட்டால், வயலின் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் அடங்கிக் கேட்கும். கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு இரண்டே அறைகள். ஒன்றில் அவள் பழகினால் மற்றதில் நான் இருந்தாக வேண்டும். கோயில் திருநாளில் பாண்டு வாத்தியமும் வெடியும் தெருவுக்கு வரும்போது நான் அலுமாரிக்குள் போய் இருப்பேன். தெருப் பொடியன்கள் என்னை முயல் என்று கூப்பிட்டார்கள். காதில் ஒரு குறையும் இல்லை என்றார் டொக்டர். மற்றவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் சத்தம் எனக்குப் பல்லுக்குள் ஊசி ஏற்றுவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். ஒருவரும் சொல்லாமலே அக்கா அந்தக் கிளிப்பை மாட்டினாள். நான் வீட்டில் இருக்கும்போது எட்டு வருடம் அதைக் கழற்றவில்லை.

சனிக்கிழமைகளில் படிப்பிக்க வரும் டீச்சர், "பிள்ளை, உனக்குக் கை இருக்கு, சத்தம்தான் இல்லை" என்று குறைப்படுவார். காரணத்தை அக்கா அவரிடம் சொன்னதே இல்லை. டீச்சர் வந்தால் என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கிளிப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவாள். ஆனால் பழகிய கை அடக்கமாகவே வாசித்தது. பிறகு பெரிய வாத்தியக் குழுவில் சேர்ந்தபோதும் துணைக்கு வாசிக்கும் இரண்டாம் வயலின் வரிசையில்தான் இடம் கிடைத்தது. இருபத்தாறு வருடம் அங்கேயே இருந்தாள். நான் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. வெள்ளவத்தையில் ஒரு சாறிக் கடையின் மேல்மாடி ஸ்டோரில் எனக்கு வேலை. துணிக் கட்டுகள் சத்தத்தைக் குடித்துவிடும். அங்கே நான் நிம்மதியாக இருந்தேன்.

போன வருடம் அக்கா கனடாவில் இருக்கும் மகளிடம் போய்விடுவது என்று முடிவானது. புறப்படுவதற்கு முதல் நாள் அவளுடைய கடைசிக் கச்சேரி. கிளிப் இல்லாத அவளுடைய வயலினை ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொன்னதும் அவள் ஒரு கொப்பித் தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினாள். பாட்டுப் பாட்டாக, எங்கே சத்தம் வரும், அதற்கு முன் என்ன கண்ணுக்குத் தெரியும் என்று. "பித்தளைக் குழல்காரர் நிமிர்ந்து இருந்தால் கவனம். பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிற தாடிக்காரர் எழும்பினால் உடனே காதைப் பொத்து. அவரிடம்தான் பெரிய பித்தளைத் தாளம் இருக்கிறது."

அந்தத் தாளோடு ஓரத்து ஆசனத்தில் இருந்தேன். விளக்கு மங்கியது. எல்லோரும் எழும்பினார்கள். பறை கடகடவென்று உருளத் தொடங்கியது. தேசிய கீதம். தாளில் அது இல்லை. என்னை அறியாமலே என் இரண்டு கைகளும் காதுக்குப் போய்விட்டன. முன்வரிசை அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரோ சிங்களத்தில், கையைக் கீழே போடு என்றார். அந்தக் கீதத்துக்கு ஒரு தமிழன் காதைப் பொத்திக்கொண்டு நின்றால் அதை எப்படி எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கையைக் கீழே போட்டேன். கடைசி வரி வரைக்கும் அப்படியே நின்றேன். முடிந்ததும் கண் இருட்டிக்கொண்டு வர, வெளியே வந்து படியில் இருந்துவிட்டேன்.

கதவடியில் நின்ற சிங்களக் காவற்காரர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பாதித் தமிழில், ஐயா என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, "டிக்கட் உள்ள, மாத்தயா வெளிய" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

இடைவேளையில் அக்கா கறுப்புச் சாறியோடு ஓடி வந்தாள். மேடையிலிருந்து வெறும் ஆசனத்தைப் பார்த்திருக்கிறாள்.

"எதில பிழைச்சது?"

"தேசிய கீதத்தில."

அவள் நெற்றியில் கையை வைத்தாள். "ஐயோ தம்பி. அது ஒரு பாட்டெண்டே எனக்கு நினைவில்லையடா. நாங்கள் கையைச் சூடாக்கிறதே அதிலதான்."

"நல்லாத்தான் சூடாச்சு."

"நீ வீட்ட போ. நான் கோவிக்கமாட்டன்."

"கதவு இருக்குத்தானே அக்கா."

காவற்காரரிடம் அவள் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவர் ஒரு கதவை எனக்கென்று விட்டுக் கொடுத்தார். நல்ல பாரமான மரக் கதவு. ஒரு சாண் திறந்தால் மேடை முழுக்கத் தெரிந்தது. தாடிக்காரர் எழும்பியபோது சாத்தினேன். தாளம் என் உள்ளங்கையில் ஒரு அதிர்வாக மட்டும் வந்து போனது. அவர் திரும்ப ஆசனத்தில் இருந்ததும் திறந்தேன். மெதுவான பகுதி வந்தபோது கதவை முழுவதும் திறந்து நிலையில் சாய்ந்து நின்றேன். இரண்டாம் வரிசையில் அக்காவின் வில் மற்ற விற்களோடு ஏறி இறங்கியது. அந்தச் சத்தம் குத்தவில்லை. அகலமாக, இளஞ்சூடாக வந்தது. ஆனால் எவ்வளவு கூர்ந்து கேட்டும் அதில் அவளுடையது எதுவென்று என்னால் பிரிக்க முடியவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் அவளைக் கேட்காமல் போகிறேனே என்று எனக்கு அழுகை வந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள்.

"கேட்டனியா?"

"ஓம்."

"என்ர சத்தம் தெரிஞ்சுதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தா நான் பிழையா வாசிச்சிருக்கிறனெண்டு அர்த்தமடா. எங்கட வரிசையில பத்துப் பேரும் ஒரு ஆள் மாதிரிக் கேக்கோணும். அதுதான் எங்கட வேலை." பிறகு, "நீ கேட்டது என்னைத்தான்" என்றாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எனக்கு வலது காது பின்னேரம் வரைக்கும் அடைத்திருந்தது. அக்காவின் விமானம் சொன்ன நேரத்துக்குப் போனது.