இல்லாத இயந்திரத்துக்கு மானியம்

எங்கள் தெருவில் அவரைச் சோலாரண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஆயுசு முடிந்த சோலார் பலகைகளை லாரியிலிருந்து இறக்கிப் பிரித்து விற்பது அவர் தொழில். நான் பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். கை சுத்தமான மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்.

பேசுவதற்கு விஷயம் இல்லாமலும் இல்லை. மற்றவர்கள் அந்தப் பலகைகளைச் சுத்தியலால் உடைப்பார்கள். கண்ணாடித் தூளும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டு ஒரு குப்பை மிஞ்சும், அதைச் சும்மா கொடுத்தாலும் எவனும் சீந்த மாட்டான். அண்ணன் உடைக்கவில்லை, உரித்தார். பழைய பேப்பர் வெட்டும் மெஷினின் நீளக் கத்தி ஒன்றை வாங்கி, மின்சார ரொட்டி அடுப்பின் கம்பிச்சுருளை அதன் முதுகில் வைத்துச் சூடேற்றி, ஓர் இரும்பு மேடையில் பூட்டினார். கண்ணாடிக்கும் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே அந்தக் கத்தி சுடச்சுட நுழைந்து நகரும். மறுபக்கம் அண்ணி முழங்கை வரை உறை போட்டுக்கொண்டு நின்று, முழுக் கண்ணாடியைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்குவார்.

சும்மா வந்துவிடவில்லை. சூட்டில் கத்தி வளையும். அந்த வளைவுக்குத் தக்கபடி மேடையை அரம் போட்டுத் தேய்ப்பார். மறுநாள் கத்தி வேறு பக்கம் கோணும், மறுபடி தேய்ப்பார். ஒரு வருஷத்துக்கு மேல் இரண்டும் மல்லுக்கட்டி, கடைசியில் ஒன்றுக்கொன்று பழகிக்கொண்டன.

"புருஷன் பொண்டாட்டி மாதிரி பொருந்திடுச்சு பாத்தியா?" என்றார் என்னிடம்.

"ரெண்டும் கோணல்ங்கிறாரு," என்றார் அண்ணி.

கண்ணாடிகள் மேசைக்கும் அலமாரிக்கும் என்று தச்சர்களிடம் போயின. அவர்கள் எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை. அண்ணனின் கண் அங்கே இல்லை. புது சோலார் பலகைக்குக் கண்ணாடி ஊற்றும் ஆலை ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. பழைய கண்ணாடியை அங்கேயே லாரி லாரியாகத் திருப்பி அனுப்ப வேண்டும், வெயிலில் மின்சாரம் எடுத்த கண்ணாடி மறுபடி வெயிலுக்கே போக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு இன்னும் நாலு மெஷின் வேண்டும். ஆலையில் போய்க் கேட்டபோது, கொள்முதல் அதிகாரி உட்காரக்கூடச் சொல்லாமல், "அரசாங்கத்துல இந்த மாதிரி சின்னத் தொழிலுக்கு மானியம் தர்றாங்க. அதுல தேறி சர்டிபிகேட்டோட வாங்க, பேசலாம்," என்று அனுப்பிவிட்டார்.

இங்கேதான் மச்சான் வருகிறான், அண்ணியின் தம்பி. எந்த மானியம் எங்கே கிடைக்கும் என்று மோப்பம் பிடித்து, அடுத்தவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதே அவன் பிழைப்பு. பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"மாமா, இதை இப்படியே காட்டினா ஒண்ணும் தேறாது."

"ஏன் மாப்ள? கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டுறேன்."

"அதான் பிரச்சனையே. ஓடுற மெஷினுக்குத் தர மாட்டாங்க, ஓடப்போற மெஷினுக்குத்தான் தருவாங்க. ஏற்கெனவே நடக்குற வேலைக்கு மானியம் கிடையாதுன்னு விதியே இருக்கு. அவங்க வர்றப்போ இந்த இடம் காலியா இருக்கணும்."

"தார்ப்பாய் போட்டு மூடினா போதாதாடா?" என்றார் அண்ணி.

"தூக்கிப் பாப்பாங்கக்கா."

நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எழுந்து போனேன். "அண்ணே, மத்ததை என்ன வேணா பண்ணுங்க, கத்தியை மட்டும் கழட்டாதீங்க. சூட்டுல பழகின இரும்பு. போல்ட்டை விட்டா திமிறிடும்."

"நான் பெத்ததை எனக்கு மறுபடி பெத்துக்கத் தெரியாதா?" என்றார்.

இது தெரியாமல் சொன்னதல்ல, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இரும்பு எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்கே சொல்லிக் கொடுக்கிற ஆள் அவர். ஆனால் சர்டிபிகேட் என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றினார். கடைசி போல்ட் விட்டதும் கத்தி டங்கென்று துள்ளியது. ஸ்பானரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்கில் சுற்றிப் பரணில் போட்டார்.

அதிகாரிகள் வந்தார்கள். காலி இடத்தைப் படம் பிடித்தார்கள். "மெஷின் எங்கே?" என்று கேட்டதற்கு அண்ணன் நெற்றியைத் தட்டி, "இங்கே," என்றார். எல்லோரும் ரசித்தார்கள். இதுவரை அப்படி ஒரு மெஷினைச் செய்ததில்லை, ஓட்டியதில்லை என்று கையெழுத்துப் போட்டார். மானியம் கிடைத்தது. தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

பரணிலிருந்து இறங்கிய கத்தி மேடையில் உட்காரவில்லை. சூடேற்றித் தட்டினார், தேய்த்தார், என்னைக் கூப்பிட்டு முட்டுக் கொடுக்கச் சொன்னார். இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் எழும்பும். மானியத்தில் புதுக் கத்தி வாங்கினார், புது மேடை வார்த்தார். அவை ஒன்றையொன்று பார்த்தே இராத சாமான்கள். பழக வருஷக்கணக்காகும், மானியம் கொடுத்தவர்கள் வைத்த கெடு அதற்குக் காத்திருக்காது. பலகை பாதி தூரம் போவதற்குள் கண்ணாடி படபடவென்று விரிந்து உடையும்.

அண்ணன் யாரைத் திட்டுவார்? மச்சானைத் திட்டினால் அடுத்த விண்ணப்பம் எழுத ஆள் இல்லை. தன்னைத் திட்டிக்கொள்ளும் பழக்கமே அவருக்குக் கிடையாது. எதிரே நின்றவர் அண்ணி.

"உனக்குத்தான் பிடிக்கத் தெரியலை. கையை ஆட்டுறே. மாடு மாதிரி நிக்கிறே."

தகரச் சுவர் வழியாக இதைத் தினமும் கேட்டேன். முதலில் அண்ணி பதில் சொன்னார், பிறகு நிறுத்திவிட்டார். ஒருநாள் ஒரு சில்லு தெறித்து அவர் கன்னத்தைக் கிழித்தது. சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது அண்ணன் குனிந்து கத்தியின் முனையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன்.

கெடு முடிந்த அன்று அதிகாரியம்மா வந்தார். மச்சானும் வந்திருந்தான். என்னைக் கத்திக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தார்கள். ஒரு பலகை போட்டோம், விரிந்தது. இன்னொன்று போட்டோம், அதுவும் விரிந்தது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"வருத்தப்படாதீங்க ஐயா," என்றார் அன்பாக. "நடக்காதுன்னு தெரிஞ்சுக்கிறதும் ஆராய்ச்சிதான். பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். இந்த முறையில கண்ணாடியை முழுசா எடுக்க முடியாதுன்னு எழுதி எல்லா ஆலைக்கும் அனுப்பிடுவோம். இனி வேற யாரும் இதுல இறங்கி ஏமாற மாட்டாங்க இல்லையா?"

"முடியும் மேடம்," என்றார் அண்ணன். "ரெண்டு வருஷமா..."

மச்சான் அவர் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. இதுவரை ஓட்டியதே இல்லை என்று கையெழுத்துப் போட்டவர் இப்போது ஓட்டினேன் என்றால் பணமும் போகும், பொய் சொன்னதற்கு வழக்கும் வரும். அந்த நீள வாய் பாதியில் நின்றது.

"ரெண்டு வருஷமா?" என்றார் அதிகாரியம்மா.

"யோசிச்சுக்கிட்டு இருந்தேங்க."

"சரி. ஒரே ஒரு கேள்வி, வேலை செஞ்ச உங்க ரெண்டு பேர்கிட்டேயும் கேக்கணும். ஒரு தடவையாவது முழுக் கண்ணாடி வந்துச்சா?"

"வரலைங்க," என்றார் அண்ணன்.

அதிகாரியம்மா அண்ணி பக்கம் திரும்பினார். அண்ணன் கையிலிருந்து வந்த முழுக் கண்ணாடிகள் அத்தனையும் வாங்கியது அந்தக் கைகள்தான். அண்ணன் அவரைப் பார்த்தார். அதில் கெஞ்சல் இருந்தது. மறைத்துவிடு என்று கெஞ்சினாரா, நீயாவது சொல்லிவிடு என்று கெஞ்சினாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணி கையுறையை நிதானமாகக் கழற்றினார்.

"இவருக்கு ஏதுங்க அந்தச் சாமர்த்தியம்?"

அதிகாரியம்மா சிரித்துவிட்டார். அண்ணனும் கூடவே சிரித்தார். பிறகு பேனாவை வாங்கி, முடியாது என்று எழுதிய அறிக்கையில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.