அலுமாரிக்குள் இருந்த கணவாய்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு அலுமாரி இருக்கிறது. தேக்கு மரம், கண்ணாடிக் கதவு, மேலே ஒரு சின்ன மின்குமிழ். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், காலமான தன் தகப்பனாரின் நினைவாகச் செய்வித்துத் தந்தது. தகப்பனாரின் படம் கதவின் நடுவில் ஒட்டியிருக்கிறது. உள்ளே முழுவதும் சிறுவர் கதைப் புத்தகங்கள். நல்ல தாள், பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம். மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற எனக்குத் தேவையானதெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. அதைப் பூட்டித் திறப்பைத் தன் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருப்பவர் எங்கள் அதிபர். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அலுமாரியைக் கையளித்த அன்று அளவெட்டியிலிருந்து நாதஸ்வரம் வந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், நாடா வெட்டினார்கள், மாலை போட்டார்கள். ஆளுக்கு மட்டுமில்லை, அலுமாரிக்கும் மாலை. ஐயர் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிறகு பூட்டினார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பொருள் பெறுமதியானது என்று பட்டுவிட்டால் போதும், அதைச் சாமியறைக்குள் வைத்துக் கும்பிட மட்டும்தான் தெரியும். அடுத்த நாளே நான் அதிபரிடம் போனேன்.

"சேர், கொஞ்சப் புத்தகம் தாங்கோ. வகுப்பிலை வைச்சு வாசிக்கக் குடுப்பம்."

"பிள்ளையள் ஊத்தையாக்கிப் போடுவினம் ரீச்சர். அலுமாரி தந்த ஆக்கள் திரும்பி வந்து பாத்தா என்ன நினைப்பினம்?"

புத்தகம் வாசிக்கத்தானே என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்கு வயதும் அனுபவமும் போதாது என்கிற சிரிப்பு அது. எனக்கு ஐம்பது வயதாகிறது.

என்னுடைய வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். காங்கேசன்துறைக் கரையில் வீடு, தகப்பன் கடலுக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். மூன்றாம் வகுப்புக்கு வரும்வரை அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவள் பாடப்புத்தகத்தை விரித்து, வரிகளில் விரல் வைத்து, ராகத்தோடு கடகடவென்று சொல்லிவிடுவாள். எனக்கு ஏதோ இடித்தது. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைத் திருப்பினேன். புதிய பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு பழைய பக்கத்தையே தொடர்ந்து சொன்னாள். இரண்டு வருடம் பள்ளிக்கூடம், பின்னேரம் பின்னேரம் ரியூசன், எல்லாம் சேர்ந்து அவளைப் பாட வைத்திருக்கின்றன. ஒரு சொல்லைத் தனியே எழுதிக் காட்டினால் முழித்தாள். கணக்கும் அப்படித்தான். வாய்ப்பாட்டை வாய் சொல்லும், நாலு பேர் இருக்கிற வாங்கில் இன்னும் மூன்று பேர் வந்து இருந்தால் எத்தனை பேர் என்று கேட்டால் நிலத்தைப் பார்ப்பாள்.

அடுத்த வருடம் நாலாம் வகுப்பு. அதோடு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைப் பைத்தியம் தொடங்கிவிடும். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளைக் கடைசி வாங்குக்கு அனுப்பிவிட்டு, கெட்டிக்காரப் பிள்ளைகளை வைத்து மாதிரிப் பரீட்சைப் பேப்பர் செய்விப்பார்கள். அந்த வாங்குக்குப் போன பிள்ளை திரும்பி முன்னுக்கு வந்ததை என்னுடைய காலத்தில் நான் காணவில்லை. அவளை அங்கே விடக்கூடாது என்று நினைத்தேன். அந்த வருடம் முடிவதற்குள் அவள் வாசிக்க வேண்டும்.

நான் கோப்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அந்த யோசனையும் பஸ்ஸில்தான் வந்தது. வகுப்பு வாங்குகளை இரண்டு வரிசையாக இழுத்துப் போட்டு நடுவில் வழி விட்டேன். காங்கேசன்துறை, தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம் என்று யாழ்ப்பாணம் வரைக்கும் ஊர்ப் பெயர்களைப் பெரிய மட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர் எழுதிய சின்ன மட்டை. அதுதான் ரிக்கற். கொண்டக்டர் மட்டைகளை வாசித்து ஆட்களை அந்தந்த இடத்தில் இறக்க வேண்டும், எத்தனை பேர் ஏறினார்கள், இறங்கினார்கள், மிச்சம் எத்தனை பேர் என்று சாரதிக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கணக்குப் பிழைத்தால் பஸ் வெளிக்கிடாது. கொண்டக்டர் யாரென்று சொல்லத் தேவையில்லை. அவளுக்குத்தான் நல்ல தொண்டை.

முதல் ஒரு கிழமை முழுக்கப் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆட்களை இறக்கினாள். பிறகு முதல் எழுத்தைப் பார்த்து இறக்கினாள். ஒருநாள் பஸ் மருதனார்மடத்தில் நின்றபோது ஒரு பொடியன் எழும்பினான். அவள் அவனுடைய மட்டையை வாங்கிப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், திரும்பவும் மட்டையைப் பார்த்தாள்.

"டேய், உது மருதனார்மடம் இல்லை. மல்லாகம் எண்டெல்லோ கிடக்கு! நித்திரையே கொண்டனி? எப்பவோ இறங்கியிருக்கோணும்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வகுப்பே கத்திச் சிரித்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் அதிபர் வந்து வாசலில் நின்றார்.

"ரீச்சர், இது வகுப்போ, சந்தையோ? தாய்மார் வந்து முறைப்பாடு சொல்லுகினம், பிள்ளையள் விளையாடிப்போட்டு வருகுதுகள் எண்டு. கொப்பியிலை ஒண்டும் எழுதேல்லையாம்."

"சேர், அவள் இண்டைக்குத்தான் முதல்முதல் வாசிச்சவள்."

"வாசிக்கட்டும். வாங்கிலை இருந்து வாசிக்கட்டும்."

வாங்குகளைத் திரும்பவும் கரும்பலகையைப் பார்க்கப் போட்டேன். அவர் அலுவலகத்துக்குள் போனதும் பஸ்ஸாக்கினேன். மெதுவாகக் கத்துங்கோ என்று மட்டும் பிள்ளைகளிடம் சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளைகள் மெதுவாகக் கத்தப் பழகின பள்ளிக்கூடம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். சோடாப் போத்தல், கோயில் நோட்டீஸ், என்னுடைய கைப்பையில் இருந்த எழுத்து. அப்படியே அலுமாரிக்கும் போய்விட்டாள். இடைவேளையில் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ரீச்சர், அதிலை ஒரு கணவாய்ப் புத்தகம் கிடக்கு. அப்பா பிடிக்கிறது. படத்திலை பத்துக் காலும் கீறியிருக்கினமோ எண்டு பாக்கோணும். இந்தத் தாத்தா மறைச்சுக்கொண்டு நிக்கிறார்."

தாத்தா என்று அவள் சொன்னது கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தை. பாவம், அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது எந்தப் பிள்ளையை மறைத்தார்!

ஆவணியில் அலுமாரி தந்தவர் குடும்பத்தோடு வந்தார். கூட்டிக் கழுவி, தோரணம் கட்டி, மின்குமிழையும் போட்டார்கள். அதிபர் திறப்போடு வந்து கதவைத் திறந்தார். படம் எடுப்பதற்காக என் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக இருத்தி ஆளுக்கொரு புத்தகம் கையில் கொடுத்தார்கள். அவளுக்கு அந்தக் கணவாய்ப் புத்தகமே கிடைக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன். எல்லாரும் கமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் மட்டும் குனிந்திருந்தாள். முதலில் கால்களை எண்ணினாள். பிறகு விரலை வைத்து வாசித்தாள். ராகம் இல்லை. ஒவ்வொரு சொல்லாக, இடையில் மூச்சு வாங்கி, "கணவாய்... வலைக்குள்ளே... மாட்டிக்கொண்டது" என்று வாசித்தாள்.

படம் எடுத்து முடிந்ததும் அதிபர் புத்தகங்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார். அவளிடம் வந்து கையை நீட்டினார். அவள் விடவில்லை.

"பொறுங்கோ சேர், என்ரை இடம் இன்னும் வரேல்லை."

"வாசிச்சது காணும், குடு." இழுத்து எடுத்தார்.

"சேர், அவள் வாசிக்கிறாள்!" என்று நான் எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அலுமாரி தந்தவரின் மனைவி "எவ்வளவு வடிவான பிள்ளை" என்று சொல்லி, அவளைத் தனியே நிறுத்தி இன்னொரு படம் எடுத்தார். அந்தப் படத்தில் அவள் கையில் புத்தகம் இல்லை. அலுமாரி பூட்டியாயிற்று.

அடுத்த நாள் காலையில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ரீச்சர், பிறகு கணவாய்க்கு என்ன நடந்தது?"

எனக்குத் தெரியாது. நானும் அந்தப் புத்தகத்தை வாசித்ததில்லை. படிப்பிக்கிற எனக்கும் அது பூட்டித்தான் இருந்தது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நேரே அதிபரின் அறைக்குப் போனேன். மனதில் இருந்ததை ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். என்னுடைய சத்தத்துக்கு மற்ற வகுப்புகள் அடங்கிப்போய்விட்டன. அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, பழையபடி, "ஊத்தையாக்கிப் போடுவினம் ரீச்சர்" என்றார்.

திரும்பிப் பார்த்தால் அவளைக் காணவில்லை. பயந்து வகுப்புக்கு ஓடிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்சத்தில் வந்தாள். முழங்கை வரைக்கும் தண்ணீர் வடிந்தது. இரண்டு கைகளையும் அவருக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"கை கழுவிக்கொண்டு வந்திட்டன் சேர். சவர்க்காரமும் போட்டனான்."

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். "ஈரக் கையோடை புத்தகம் தொடக்கூடாது பிள்ளை" என்றார்.

"சரி சேர்" என்றாள். அழவில்லை. சட்டையில் துடைக்கவும் இல்லை, துடைத்தால் திரும்ப ஊத்தையாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. நீட்டிய கைகளை அப்படியே நீட்டிக்கொண்டு, காயட்டும் என்று நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். பாட மணி அடித்தது. நாங்கள் அசையவில்லை. நிலத்தில் சொட்டிய தண்ணீர் காய்ந்தது. கடைசியில் அவர் லாச்சியை இழுத்துத் திறப்பை எடுத்து மேசையில் எறிந்தார்.

"கண்ணாடியிலை கை படாமல் திறவுங்கோ" என்றார்.

அவள் அலுமாரியடியில் நிலத்திலேயே இருந்து, முந்தின நாள் விட்ட வரியில் விரலை வைத்தாள். கணவாய் மையைக் கக்கிவிட்டுத் தப்பிவிட்டது. "தப்பீட்டுது ரீச்சர்!" என்று கத்தினாள், மெதுவாகக் கத்தப் பழகியதெல்லாம் மறந்துபோய். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஒரு புத்தகத்துக்கு ஒரு பிள்ளை இவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அலுமாரி நிறைய இன்னும் புத்தகங்கள் இருந்தன. திறப்பை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.