இடது பக்க முடிச்சு

இது கதையில்லை. "சும்மா அளக்கிறான்" என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். இது என் அக்காவுக்கு நடந்தது. அவள் வாயால் கேட்டதையும், கடைசியில் என் கண்ணால் பார்த்ததையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

அக்கா ஒரு சின்ன நூலகத்தில் வேலை பார்த்தாள். கீழே வங்கி, மாடியில் நூலகம். "என்ன படிக்கிறதுன்னே தெரியலை" என்று தலையைச் சொறிபவர்களுக்காக அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு கதைப் புத்தகம், ஒரு நிஜப் புத்தகம். இரண்டையும் பழுப்புத் தாளில் சுற்றி, நூலால் கட்டி, மேலே வாசகர் பார்க்கும் வேலையை மட்டும் எழுதி வைப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். கொலைக் கதையோடு தேனீ வளர்ப்பு வரும், காதல் கதையோடு கடல் பயணம் வரும். அக்கா கட்டினால் கதைதான் மேலே இருக்கும். "எடுத்த எடுப்பிலேயே சர்க்கரை வியாதி புத்தகம் வந்தா யாருடா படிப்பாங்க?" என்பாள். முடிச்சு வலது பக்கம், இரட்டைப் பூ. மகளுக்கு ரிப்பன் கட்டுவதும் அப்படித்தான்.

ஒரு திங்கட்கிழமை, காலை 9.10. கதவைத் திறந்தால், அலமாரியில் ஒரு பொட்டலம் அதிகமாக இருந்தது. மேலே 'தையல் டீச்சருக்கு' என்று எழுதியிருந்தது. முடிச்சு இடது பக்கம், பூ இல்லாமல் இறுக்கமாக. தானே ஏதோ நினைப்பில் கட்டியிருப்போம் என்று, அன்று வந்த தையல் டீச்சரிடம் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் டீச்சர் கையில் மாவுக்கட்டோடு வந்தார்.

"எப்படிம்மா தெரிஞ்சுது? மேலேயே கை எலும்பு முறிஞ்சா செய்யற பயிற்சிப் புத்தகம்! நான் விழுந்ததே மறுநாள்தானே!"

அக்கா சிரித்துச் சமாளித்தாள். அடுத்தது பேக்கரிக்காரருக்கு வந்தது. இரட்டைக் குழந்தை வளர்ப்பு. ஸ்கேனில் இரட்டை என்று தெரிந்த அன்று, மனிதர் ஒரு பெட்டி கேக்கோடு ஓடி வந்தார். அக்காவுக்குக் கைராசி என்று பேர் பரவி, பொட்டலம் கேட்டுக் கூட்டம் கூடியது. அவளும் மறுக்கவில்லை. பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்?

மூன்றாவது பொட்டலத்தில் எழுதியிருந்தது: 'லிஃப்ட் மெக்கானிக்குக்கு.'

அவளுக்குத் தெரிந்த லிஃப்ட் மெக்கானிக் ஒருவர்தான். என் அத்தான். செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டாத மனுஷன். அக்கா சிரித்துக்கொண்டே பிரித்தாள்.

மேலே, பெண் குழந்தைகளுக்குத் தலை பின்னுவது எப்படி, படங்களுடன்.

கீழே, தூங்கும் நேரக் கதைகள்.

உடனே எனக்கு போன் செய்தாள்.

"பொண்ணுக்குத் தலை பின்னுறது நான். கதை சொல்லித் தூங்க வைக்கிறதும் நான். அப்புறம் இவருக்கு எதுக்குடா இந்தப் புத்தகம்?"

"யாரோ விளையாடுறாங்கக்கா."

"சாவி என்கிட்ட மட்டும்தான்டா இருக்கு."

இரண்டையும் வெவ்வேறு அலமாரியில் செருகிவிட்டு வந்தாள். மறுநாள் காலை 9.10... பொட்டலம் கட்டியபடி இருந்தது. இடது பக்க முடிச்சு.

டாக்டரிடம் போனாள். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

அந்த ஞாயிறு அத்தான் கையில் சீப்பைக் கொடுத்தாள்.

"கத்துக்கோங்க."

"நீ இருக்கும்போது எனக்கு எதுக்கு?" என்று அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை. மதியம். நூலகத்தில் அந்தப் பொட்டல அலமாரி பக்கத்தில் நின்று, ஒரு புத்தகத்தை எடுக்கக் கையைத் தூக்கினாள்...

தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்ததாம். என் அக்கா போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து அவள் பையையும் குடையையும் வாங்கிவர நூலகத்துக்குப் போனேன். தையல் டீச்சர் அங்கே அழுதுகொண்டிருந்தார். மனசு கேட்காமல் அந்த முடிச்சைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

அவர் அழுகை சட்டென்று நின்றது.

"உங்க அக்காவுக்கு முன்னாடி இங்க இருந்தவங்க இடக்கைக்காரங்க தம்பி. இந்தப் பொட்டல வழக்கத்தை ஆரம்பிச்சதே அவங்கதான். அவங்களும் இதே அலமாரிகிட்டதான் விழுந்து இறந்தாங்க..."

புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"சார், இது நீங்க வச்சதா? நேத்து நான் பூட்டும்போது இல்லை."

'லிஃப்ட் மெக்கானிக்குக்கு.'

முடிச்சு வலது பக்கம் இருந்தது.

இரட்டைப் பூ.

பிரித்தேன். அதே இரண்டு புத்தகங்கள்.

கதைப் புத்தகம் மேலே இருந்தது.