தார் பூசிய அடிச்சட்டம்

மிச்சிகனின் வடமுனையில், ஆர்வோ கெம்ப்பைனன் முப்பத்தொரு குளிர்காலங்களாக உப்பு லாரி ஓட்டுகிறார். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஏரிக்கரைச் சாலைகளில் பனியை ஒதுக்கி உப்பைத் தூவுவது அவருடைய வேலை. பனி உருகியதும், அந்த உப்பு அரித்த கார்களைத் தம் கொட்டகையில் பழுது பார்ப்பார். "நோயப் பரப்புறதும் நான்தான், வைத்தியம் பாக்குறதும் நான்தான்" என்று தாமே சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கொட்டகையின் மாடியறையில் நான்காண்டுகளாகக் குடியிருக்கிறேன். அவர் கழற்றிய துருப்பிடித்த போல்ட்டுகளைத் தேதிவாரியாகக் குறித்து வைப்பது என் வழக்கம். 2019 மே மாதம் வரை இருநூற்றுப் பதினாறு. அவற்றில் உடைந்தவை ஒன்பது மட்டுமே. இந்த ஊரில் அது நம்புதற்கரிய கணக்கு.

அவருடைய முறை மாறியதே இல்லை. முதலில் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்ப்பார். பிறகு மூன்று நாள், காலையும் மாலையும், துரு இளக்கும் எண்ணெய் விடுவார். நான்காம் நாள் போல்ட்டின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டி, ஸ்பேனரை மாட்டி, கழற்றும் திசையில் திருப்பாமல் முதலில் ஒரு மயிரிழை இறுக்குவார். துரு அங்கேதான் விட்டுக்கொடுக்கும். பெட்ரோல் டேங்கின் அருகே, போல்ட்டைச் சூடாக்கும் நெருப்புக் குழாயைக் கொண்டுவரவே மாட்டார். "பொறுமை இல்லாதவனுக்கு மீசையும் இருக்காது, புருவமும் இருக்காது" என்பார்.

அந்த மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் பக்கத்து வீட்டு நர்ஸ் சில்வியின் கார் வாசலிலேயே நின்றுபோனது. பெட்ரோல் பம்ப் செத்துவிட்டது. பம்ப் டேங்குக்குள் இருந்தது. டேங்கை இறக்க வேண்டுமானால், அதைத் தாங்கும் இரண்டு இரும்புப் பட்டைகளின் போல்ட்டுகளைக் கழற்றியாக வேண்டும். மூன்று நாள் எண்ணெய் ஊறிய பிறகு, சனிக்கிழமை பிற்பகல் ஆர்வோ காரை உயர்த்தி, பெட்ரோலை வடித்துவிட்டு, டேங்குக்கு ஜாக்கியை முட்டுக்கொடுத்து அடியில் புகுந்தார்.

"திங்கக்கிழமை ஆறு வீட்டுக்குப் போகணும் ஆர்வோ. படுத்துத் தூங்கிடாத" என்றாள் சில்வி.

"உன் வண்டிக்கடியிலயா? ஏழு அக்டோபரா நான் தார் பூசுன அடிப்பாகம். கட்டிலவிட சுத்தம்."

முதல் போல்ட் இறுகியது, பிறகு இளகியது. இரண்டாவது இறுகவில்லை. ஸ்பேனரோடு சேர்ந்து சுற்றி, அப்படியே கையோடு வந்துவிட்டது. உடையவில்லை, மரை முழுதாக இருந்தது. அதைச் சுற்றி, உள்ளங்கை அகலத்திற்கு, காரின் அடிச்சட்டமும் பிய்ந்து வந்திருந்தது.

ஆர்வோ கறுப்பாகப் பளபளத்துக்கொண்டிருந்த சட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. ஈரக் காப்பித் தூளைப்போலத் துரு அவர் முகத்தில் கொட்டியது.

"இங்க இரும்பே இல்ல. தார்தான் நிக்குது" என்றார்.

சில்வி குனிந்து பார்த்தாள். "செவ்வாக்கிழமை காலைல இதுலதான் அறுபத்தஞ்சு மைல் வேகத்துல வந்தேன்."

இவ்வூரில் எல்லோரும் முதல் பனிக்கு முன் காரின் அடியில் எண்ணெய்தான் தெளிப்பார்கள். அது முற்றமெல்லாம் சொட்டும். தம் மனைவி மார்ட்டா அந்தக் கறைகளைப் பார்த்துச் சலித்துக்கொண்டதால், ஆர்வோ ரப்பர் தாருக்கு மாறியிருந்தார். பனி விழப்போகும் அவசரத்தில், அடியைக் கழுவாமலேயே ஆண்டுதோறும் பூசினார். பழைய உப்பு உள்ளே மூடுண்டது. ஓரங்களில் புகுந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிக் கேட்ட மனிதர், தாம் பூசிய சட்டத்தை ஒருமுறைகூடத் தட்டிப் பார்த்ததில்லை.

அவர் கண்கள் சுவருக்குப் போயின. தார் பூசிய கார்களின் பெயர்களைச் சாக்கட்டியால் அங்கே எழுதி வைத்திருந்தார். பூசிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. மொத்தம் ஏழு பெயர்கள். மார்ட்டாவின் பெயருக்கு எதிரே மட்டும் கோடுகள் இரட்டிப்பாக இருந்தன. அவளுடைய காருக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் இரண்டு பூச்சு.

மார்ட்டா அந்தக் காரில்தான் வெண்ணெய் வாங்க ஹான்காக் நகரத்துக்குப் போயிருந்தாள். சௌனா என்னும் நீராவிக் குளியலறையில் விறகு மூட்ட நான்கு மணிக்குத் திரும்பிவிடுவாள். அப்போது மணி மூன்றரை.

ஆர்வோ கைப்பேசியில் மூன்று முறை அழைத்தார். வழியிலுள்ள பாலத்தைத் தாண்டினால் அந்தச் சாலைகளில் சிக்னல் கிடைக்காது.

"ட்ரக்க எடுத்துட்டு எதிர போறேன்."

"ஏரி ரோடா, மலை ரோடா? எதுல வர்றான்னு தெரியுமா உனக்கு? நீ ஒண்ணுல போவ, அவ இன்னொண்ணுல வருவா. இங்கயே நில்லு" என்றாள் சில்வி.

அவர் நின்றார். வாசல் சரளையில், தொப்பியில்லாமல், சுத்தியலைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரத்துக்கு மேல் நின்றார். நானும் சில்வியும் அவரோடு பேச முயன்றோம். எதுவும் அவர் காதில் விழவில்லை.

நான்கு பத்துக்குக் கார் திரும்பியது. வாசல் மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியபோது, ஆர்வோ இரு கைகளையும் தூக்கிக் கத்தினார்.

மார்ட்டா கண்ணாடியை இறக்கினாள். "என்ன கிழவா, ஏரோப்ளேன எறக்குறியா? விறகு வெட்டினியா இல்லியா?"

அவர் மல்லாந்து காரின் அடியில் புகுந்தார். சுத்தியல் ஓங்கும் அசைவு தெரிந்தது. இரும்பில் பட்ட ஓசை வரவில்லை. ஊறிய அட்டைப்பெட்டியை அடித்தது போன்ற ஒரு சத்தம். அவர் வெளியே வந்தபோது கையில் சுத்தியல் இல்லை. அது சட்டத்துக்குள் புதைந்து அங்கேயே தொங்கியது.

மார்ட்டா இறங்கிக் குனிந்து பார்த்தாள். பிறகு வெண்ணெய்ப் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி சரளையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாலத்து மேல லாரிய ஓவர்டேக் பண்ணேன், ஆர்வோ" என்றாள். தொங்கும் சுத்தியலைப் பார்த்து, "எண்ணெ வேணாம், கறையாவுதுன்னு நான்தானே சொன்னேன்" என்றாள்.

"நீ கறைன்னு மட்டும்தான் சொன்ன. தடவுனது நான்."

சுவரில் இன்னும் ஐந்து பெயர்கள் இருந்தன. சில்வி கொட்டகைத் தொலைபேசியில் முதல் பெயருக்குரிய எண்ணைச் சுழற்றி, ரிசீவரை அவரிடம் நீட்டினாள். துரு அப்பிய முகத்தோடு ஆர்வோ அதை வாங்கினார்.

"ஹெய்க்கி? ஆர்வோ பேசுறேன். வண்டிய எடுக்காத. இல்ல, கடைக்குக்கூட வேணாம். சாவிய மேஜை மேல வெச்சிட்டு உக்காரு. நான் தப்பு பண்ணிட்டேன்."