பஸ்ஸுக்குப் போட்ட ரோஜா மாலை

போன வெள்ளிக்கிழமை ராத்திரி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்.

"அப்பா, நாளைக்கு அஞ்செட்டி ரோட்ல ஒரு பஸ்ஸ மறிக்கப் போறோம். வர லேட் ஆகும்."

இதே குரலில்தான் "சட்னில உப்பு கம்மி" என்றும் சொல்வாள்.

எனக்குத் தோசை தொண்டையிலேயே நின்றுவிட்டது. மறியல்... கைது... கேஸ்... பாஸ்போர்ட் கேன்சல்... மாப்பிள்ளை வீட்டார் விசாரணை... ஒரே ஒரு விக்கலுக்குள் இத்தனையும் ஓடி முடிந்தது. மாப்பிள்ளையே இன்னும் பார்க்க ஆரம்பிக்கவில்லை என்பது வேறு விஷயம்!

"என்னாத்துக்கும்மா மறியல்? மனு குடுத்தா ஆவாதா?"

"குடுத்துக் குடுத்துப் பாத்தாச்சுப்பா."

மனைவி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். "இவரு பண்ணாத மறியலா? மொதல்ல குடிங்க."

விஷயம் இதுதான். மகள் ஓசூரில் சமூகப் பணி முதுகலை படிக்கிறாள். கூடப் படிக்கும் நாகரத்னாவுக்குத் தேன்கனிக்கோட்டை தாண்டி, காட்டோரம் மேட்டில் ஒரு கிராமம். பஸ் அடிவாரத்துப் புளியமரத்தோடு திரும்பிவிடும். போன வருஷம் மேலே வரைக்கும் தார் ரோடு போட்டாயிற்று. பஸ்தான் பழைய ஞாபகத்திலேயே திரும்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் நடை... அதுவும் யானை கடக்கிற வழியில். "இந்த மாசத்தோட படிச்சது போதும்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். உடனே அந்த ஊர் மகளிர் குழுவும் இவள் வகுப்புப் பிள்ளைகளும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

நியாயமான காரணம்தான். ஆனால் நியாயம் வேறு, பயம் வேறு இல்லையா?

நானும் ஒரு காலத்தில் பஸ் மறித்தவன்தான். கிருஷ்ணகிரியில் காலேஜ் படித்தபோது, ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிலாளர் குழுவோடு சுற்றினேன். அதில் ஒரு ஃபிட்டர் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போஸ்டர் ஒட்ட மைதாப் பசை வாளியோடு சைக்கிளில் கிளம்பிவிடுவோம். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் நாங்கள் உலக அரசியல் பேசுவோம். அவர்கள் "மதியம் சாப்டீங்களாப்பா?" என்று கேட்பார்கள். அண்ணனோ போண்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, "பரிட்சை எப்போ?" என்பார். புரட்சியாளர்களிடம் கேட்கிற கேள்வியா அது?

கெலமங்கலத்தில் ஒருநாள் பஸ் முன்னால் வரிசையாகப் படுத்தோம். டிரைவர் இறங்கி வந்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி ஏறி, சீட்டில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். "தம்பி, முடிஞ்சதும் எழுப்பு!" உச்சி வெயில். கீழே தார் கொதிக்கிறது. கடைசியில் நாங்கள்தான் போய் அவரை எழுப்பினோம்.

அன்று போட்ட கோஷம் எதுவும் இப்போது நினைவில்லை. அந்த மைதாப் பசையின் புளித்த வாசனை மட்டும் மூக்கை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

சனிக்கிழமை காலை, மகளுக்குத் தெரியாமல் ஸ்கூட்டரில் கிளம்பினேன். பையில் ஆதார் ஜெராக்ஸ், பிரெட், ஒரு போர்வை. போர்வை எதற்கு? லாக்கப் தரை குளிருமே!

புளியமரத்தடிக்குப் போனால்... வாழைக் கன்று கட்டியிருக்கிறார்கள். மேளம். பட்டுப்புடவையில் பெண்கள். ஆரத்தித் தட்டு. ஒரு கான்ஸ்டபிள் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறார். தப்பித் தவறி ஏதாவது கல்யாணத்துக்கு வந்துவிட்டேனா?

"அப்பா!" மகள் முறைத்தாள். "இங்க என்ன பண்றீங்க?"

"சும்மா... இந்தப் பக்கமா வந்தேன்."

"போர்வையோடவா?"

மகளிர் குழுத் தலைவி மாதம்மா சிரித்தார். ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறவர். "உக்காருங்க சார். பசங்க ரோட்ல குந்தணும்னாங்க. மாலை போட்டுக் கூப்பிடலாம்னு நாங்க சொன்னோம். நேத்தெல்லாம் ஒரே சண்டை. கடைசில பேசி வெச்சுக்கறோம்... மொதல்ல மாலை, ஆவலன்னா மறியல்."

ஒரு பக்கம் ஆளுயர ரோஜா மாலை. காம்பு குட்டையானதால் வெளிநாடு போக முடியாமல் உள்ளூரிலேயே தங்கிவிட்ட ரோஜாக்கள். இன்னொரு பக்கம், பெட்ஷீட்டில் சுற்றி வைத்த கோஷ அட்டைகள். மகள் அட்டைப் பக்கம் நின்றாள். நான் பையில் போர்வை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பஸ் வந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அதற்குள் ஆரத்தி சுற்றி, பஸ் நெற்றியில் மாலையும் ஏறிவிட்டது.

கண்டக்டர் இறங்கினார். "என்னம்மா இது, ஆயுத பூஜைதான் முடிஞ்சு போச்சே!"

"மேல களியும் அவரைக் கொழம்பும் ஆக்கி வெச்சுக்கறோம். வண்டியோட வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போங்கண்ணா" என்றார் மாதம்மா.

கன்னடத்தில் ஒருத்தி கெஞ்சினாள், தெலுங்கில் ஒருத்தி அதட்டினாள். சேலத்துக்கார டிரைவர் தமிழில் மறுத்தார். "ரூட்டு இத்தோட முடியுதும்மா. மேல போனா எனக்கு மெமோ குடுப்பாங்க."

மேளம் நின்றது. மகள் குனிந்து பெட்ஷீட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"சார்... சார்... டிப்போவுக்கு ஒரு போன் போடுங்களேன்!" யார் கத்தியது? நான்தான்.

டிரைவர் நம்பரைப் போட்டு, போனை என்னிடமே நீட்டிவிட்டார். தொப்பையும் கண்ணாடியும் இருந்தால் ஆபீசர் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது.

"மேனேஜர் பேசறேன். அங்க யாரு?"

"அப்பாங்க."

"யாரு?"

என் பெயர் எனக்கு மறந்துவிட்டது. மகள் போனைப் பிடுங்கி நாகரத்னாவிடம் கொடுத்தாள்.

"சார், நான் நாகரத்னா. மேல இருக்கிற ஊருதான். இன்னிக்கி ஒரு வாட்டி வண்டி மேல வரட்டும் சார். ரோடு தாங்குதா, திருப்ப எடம் பத்துதான்னு டிரைவர் அண்ணனே பாத்துச் சொல்லட்டும். அவரு ஆவாதுன்னா, நாங்க அப்பறம் கேக்கவே மாட்டோம்."

பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். தன் படிப்பு மொத்தத்தையும் ஒரு டிரைவரின் ஸ்டியரிங்கில் கட்டிவிட்டாளே!

மேனேஜர் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. "ட்ரயலுக்கு ஒரு தடவை போய்ப் பாக்கச் சொல்லும்மா."

எல்லோரும் ஏறினோம். முதல் வளைவில் டிரைவர் கியரை மாற்ற, பஸ் முனகியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சைக்கிளில் வாளி சிந்தாமல் மேடு ஏறிய பையன்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். யாராவது ஒருவன் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வருவான்...

மேலே பள்ளிக்கூட மைதானம். டிரைவர் ஒரே ஒடிப்பில் வண்டியைத் திருப்பினார். விசில் காதைப் பிளந்தது.

காலையிலிருந்து கீழே எட்டிப் பார்க்காத ஒருவர், மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். நாகரத்னாவின் அப்பா. மகளைப் பார்க்கவில்லை. மாலையையும் பார்க்கவில்லை. நேராக டிரைவர் ஜன்னலுக்குப் போனார்.

"சாயங்கால வண்டி எத்தினி மணிக்கு?"

"ஆறு மணிக்குப் புளியமரத்துக்கு வரும். மேல வர இன்னும் ஆர்டர் ஆவலைங்க. எடம் தாராளமா பத்துதுன்னு நான் எழுதிக் குடுத்துடறேன். ஆர்டர் வந்துட்டா அப்படியே மேல ஏறிடும்."

"ஆறுன்னா... பொண்ணு பொழுதோட வந்துருவா." மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாகரத்னா என் மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். "சரின்னுட்டாருடி!"

"எப்படி சொன்னாரு? எங்க சொன்னாரு?" மகளுக்குப் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. அப்பாக்கள் 'சரி' என்று வாயால் சொல்ல மாட்டார்கள்—டைம்தான் கேட்பார்கள்.