பன்னிரண்டு அங்குலப் பனி

மே 20: பனி 26 அங்குலம்.
மே 24: 22.
மே 28: 18.

எங்கள் கொலராடோ மலைப்பாதையில் பனி பன்னிரண்டு அங்குலத்துக்கு இறங்கினால்தான் வனத்துறை கேட்டைத் திறக்கும். நான் அளந்து எழுதுவதே அவர்களுக்குக் கணக்கு. ஜூன் 4 என் மனைவி வெர்லீனின் எழுபதாவது பிறந்தநாள். அன்று உச்சியில் கூடாரம் போட, ஜீப்பில் சாமான்களை ஏற்றியே வைத்துவிட்டாள்.

"இன்னும் பதினெட்டா? புளுகாதே கிழவா!"

"நானா சொல்றேன்? அளவுக்குச்சி சொல்லுது."

வெர்லீன் திருதிருவென்று விழித்தாள். "அந்தக் குச்சியா? அதோட அடியில ஆறு அங்குலம் ஏப்ரல்லயே அறுத்துட்டேனே! கூடாரத்துக்கு ஒரு முளை குறைஞ்சுது."

பதினெட்டில் ஆறு போனால் பன்னிரண்டு! நாற்பது வருடப் பதிவில் முதல் பிழை. இருவரும் சமையலறையிலேயே குதித்து ஆடினோம். உடனே திருத்தம் எழுதி அனுப்பினேன். கேட் திறந்தாயிற்று என்ற கடிதம் வந்த தேதி: ஜூன் 3.